பாட்டெழுதப் பழகுபவர்களுக்குப் பழைய ப்ளூஸ், ஜாஸ் தட்டுகள்: எப்படிக் கேட்பது, எதை எடுத்துக்கொள்வது

கிடாரில் நாலைந்து கார்ட் பிடிக்க வருகிறது, சொந்தமாக ஒரு பாட்டு எழுத ஆசை, ஆனால் எதை எழுதினாலும் சினிமாப் பாட்டு மாதிரியே வருகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் 1920, 1930களின் அமெரிக்க ப்ளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்கச் சொல்வேன். அவர்களில் பலர் கொஞ்ச நாளில் திரும்பி வந்து, "ஒரே இரைச்சல், அதோடு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறது" என்பார்கள். இரண்டு புகாரும் நியாயம்தான். முதலாவதற்குக் காது பழக வேண்டும். இரண்டாவது உண்மையில் நமக்கு வசதி. எல்லாரும் ஒரே சட்டகத்துக்குள் பாடுவதால், ஒருவர் செய்ததும் இன்னொருவர் செய்யாமல் விட்டதும் பளிச்சென்று தெரியும்.

நான் எழுதும் பாட்டுகளைக் கேட்டு யாரும் ப்ளூஸ் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஒரு வரியைப் பாடி முடித்த பிறகு அடுத்த வரிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, அந்த நேரத்தில் வாத்தியம் என்ன செய்வது என்பதை இந்தத் தட்டுகளிடம்தான் கற்றேன். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் காதைப் பழக்குங்கள்

1925 வரை ஒலிப்பதிவில் மைக்ரோஃபோன் கிடையாது. ஒரு பெரிய குழாயின் முன்னால் நின்று பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். அதனால் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே வழி, ஆளை நகர்த்துவதுதான். 1923இல் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில், ஜென்னெட் இசைத்தட்டுக் கம்பெனிக்காகக் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு வாசித்தபோது, இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (சின்ன ட்ரம்பெட் மாதிரி ஊதும் வாத்தியம்) சத்தம் மற்றவர்களை அமுக்கியதால் அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள் என்று அந்தக் குழுவின் பியானோக் கலைஞர் லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார். டிரம்ஸை முழுசாக வாசித்தால் ஊசி தாங்காது. ஆகவே டிரம்மர் மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டிருப்பார். ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை வேறு. ரயில் போகும்வரை எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் "ஏன் பேஸ் கேட்கவில்லை, ஏன் டிரம்ஸ் இல்லை" என்ற எரிச்சல் போய்விடும். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்கள் 1925க்குப் பிறகு மைக்கில் பதிவானவற்றிலிருந்து தொடங்குவதே நல்லது. குழாய்க் காலத்துக்கு அப்புறம் போகலாம்.

விஸ்கான்சினில் ஒரு நாற்காலிக் கம்பெனி நடத்திய பாரமவுண்ட் லேபிளின் தட்டுகளையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் என்ற மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர்கள் எல்லாரும் அதில்தான் பதிவு செய்தார்கள். பொக்கிஷம்தான், ஆனால் தட்டுகளின் தரம் மட்டம். முதல் வாரத்திலேயே பேட்டனைக் கேட்டுவிட்டு ஓடிப்போனவர்களை எனக்குத் தெரியும். (அந்தக் காலத் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து தடுமாறியபோது அமெரிக்கக் கம்பெனிகள் தட்டு அச்சிடுவதையே குறைக்க நேர்ந்தது.)

கேட்கும்போது ஹெட்ஃபோன் வேண்டாம். ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும், ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். இணையத்தில் ஒரே பாட்டுக்குப் பல பதிப்புகள் கிடைக்கும். இரைச்சலைச் சுத்தமாக வழித்தெடுத்த பதிப்பைத் தேடிப் போகாதீர்கள். இரைச்சலோடு சேர்த்து கம்பியின் உயிரையும் வழித்திருப்பார்கள். கொஞ்சம் சலசலப்பு இருக்கும் பதிப்பில்தான் விரல் கம்பியில் படுவது கேட்கும்.

எதை, எந்த வரிசையில்

வரலாற்று வரிசையில் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்துகொள்ள மட்டும்: முதல் ஜாஸ் தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த இசை, ஆனால் முதலில் தட்டில் ஏறியது ஒரு வெள்ளையர் குழு. கறுப்பினப் பாடகி ஒருவர் பாடிய முதல் ப்ளூஸ் தட்டு 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் ஓகே (Okeh) இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்'. அது விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகளும் கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்று தனி வரிசைகளைத் தொடங்கின. சரி, வரலாறு இப்போதைக்குப் போதும்.

முதலில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் ஓகே கம்பெனிக்காகப் பதிவு செய்தவை. மென்மையான குரல். கட்டைவிரல் தடித்த பேஸ் கம்பிகளில் சீராக நடந்துகொண்டே இருக்க, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். கிடார் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அதில் 'அவலான் ப்ளூஸ்' பாட்டில், நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு தன் சொந்த ஊரான அவலானைப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்வார். பதிவு முடிந்து ஊருக்குப் போனவரை உலகம் மறந்துவிட்டது. 1963இல் ஒரு ரசிகர் பாட்டில் வரும் ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு மிசிசிப்பிக்குப் போய்த் தேடினார். ஹர்ட் அங்கேயே இருந்தார்! அதன் பிறகு அவர் பெரிய மேடைகளில் வாசித்தார். பாட்டில் ஊர்ப்பெயர் போடலாமா, ரொம்பச் சொந்த விஷயமாக இருக்குமா என்று தயங்குபவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அடுத்து லெராய் கார் 1928இல் பாடிய 'ஹவ் லாங் ஹவ் லாங் ப்ளூஸ்'. பியானோவில் அவர், கிடாரில் ஸ்க்ராப்பர் பிளாக்வெல். மைக் வந்ததால் கத்திப் பாட வேண்டியதில்லை என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டவர்களில் ஒருவர் கார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாடுவார். இது வழக்கமான 12 பாருக்குப் பதில் 8 பாரில் (ஒரு பார் என்பது நாலு அடி) சுற்றும் ப்ளூஸ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', 1925 ஜனவரி. இது குழாய்க் காலத்துப் பதிவு, ஆனாலும் தவிர்க்க முடியாது. இதற்குத் திரும்ப வருகிறேன்.

நான்காவதாக லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 1928 ஜூன், சிகாகோ. தனியாக ட்ரம்பெட் மட்டும் பொழிகிற முன்னுரைக்காக எல்லாரும் இதைக் கொண்டாடுவார்கள். நீங்கள் பாட்டெழுதுபவர் என்றால் அதற்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள். ஒரே 12 பார் ஐந்து முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு ஆள், வேறு எடை. ட்ரம்பெட் மெட்டு, ட்ரோம்போன், கிளாரினெட்டும் வார்த்தையில்லாக் குரலும் மாறி மாறி, ஏர்ல் ஹைன்ஸின் பியானோ, கடைசியில் மறுபடி ட்ரம்பெட். அந்தக் கடைசிச் சுற்றில், முன்னுரையில் அவ்வளவு ஸ்வரங்களைக் கொட்டிய ஆம்ஸ்ட்ராங், ஒரே ஒரு மேல் ஸ்வரத்தைக் கிட்டத்தட்ட நாலு பார் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு பாட்டை எப்படி ஏற்றுவது என்று கேட்பவர்களுக்கு அந்த நாலு பார் போதும்.

ஐந்தாவது மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன். 1936இலும் 1937இலும் டெக்சஸில் 29 பாட்டுகள் பதிவு செய்தார், 1938இல் இறந்தார். சாத்தானிடம் ஆன்மாவை விற்றார் என்கிற கதையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், பாட்டெழுத அது உதவாது. 'கம் ஆன் இன் மை கிச்சன்' இரண்டு டேக்குகளில் (ஒரே பாட்டைத் தனித்தனியாகப் பாடிய பதிவுகளில்) கிடைக்கிறது, ஒன்று மெதுவானது, மற்றது வேகமானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெதுவான டேக்கில் பாட்டை நிறுத்தி, காற்று ஊளையிடுவது கேட்கிறதா என்று பேச்சுக் குரலில் ஒரு கேள்வி கேட்பார். உடனே கிடார் அந்தக் காற்றாக மாறிவிடும். வேகமான டேக்கில் அந்தக் குளிரே கிடையாது. டெம்போ என்பது பாட்டின் அர்த்தத்தில் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கிடார்க்காரர்கள் மட்டும் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: 1928, 1929இல் லானி ஜான்சனும் எடி லாங்கும் சேர்ந்து வாசித்த இரட்டைக் கிடார் பதிவுகள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தட்டில் இருப்பது வெளியே தெரிய வேண்டாம் என்று லாங்குக்கு பிளைண்ட் வில்லி டன் என்று பெயர் போட்டார்கள்.

12 பாரை எண்ணுவது

ஒரு பாருக்கு நாலு அடி. ஈ கட்டையில் வாசிப்பதாக வைத்துக்கொண்டால், ஈ கார்டில் நாலு பார், ஏ கார்டில் இரண்டு, மறுபடி ஈயில் இரண்டு, பி செவன்த்தில் ஒன்று, ஏயில் ஒன்று, ஈயில் இரண்டு. மொத்தம் 12. கட்டை எதுவானாலும் இதே உறவுதான்: ச, ம, ப.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இன்னும் எளிது. இரண்டு பார் சேர்ந்தால் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம். ஆக, ஒரு சரணத்துக்கு ஆறு ஆவர்த்தனம். பாட்டு மூன்று வரி, வரிக்கு இரண்டு ஆவர்த்தனம். முதல் வரியைப் பாடு, அதையே மறுபடி பாடு, மூன்றாவது வரியில் முடி.

இப்போது முக்கியமான விஷயம். வரிக்கு இரண்டு ஆவர்த்தனம் இருந்தாலும் பாட்டு கிட்டத்தட்ட முதல் ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடும். இரண்டாவது ஆவர்த்தனம் வாத்தியத்துக்கு. அதாவது பாட்டில் ஏறக்குறைய பாதி நேரம் பாடகர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

இதற்குத்தான் பெஸ்ஸி ஸ்மித்துக்குத் திரும்ப வருவதாகச் சொன்னேன். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பதிவில் மூன்றே பேர்: பெஸ்ஸி, கார்னெட்டில் ஆம்ஸ்ட்ராங், ஃப்ரெட் லாங்ஷாவிடம் நம் ஊர் பஜனை மடத்து ஆர்மோனியத்தின் அண்ணன் மாதிரி ஒரு காற்றுப் பெட்டி. முதல் தடவை பெஸ்ஸியை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை அவரை விட்டுவிட்டு ஆம்ஸ்ட்ராங்கை மட்டும் பின்தொடருங்கள். பெஸ்ஸி வரியை முடித்து மூச்சு விடும் இடத்தில் அவர் நுழைவார். சில இடத்தில் பெஸ்ஸி இறங்கிய ஸ்வரத்திலிருந்தே ஏறுவார், சில இடத்தில் இரண்டே ஸ்வரம் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வார். மூன்றாவது தடவை, கார்னெட் வரும் இடங்களில் நீங்களே உங்கள் பதிலை முணுமுணுத்துப் பாருங்கள். நடுவில் மைனருக்கு மாறும் 16 பார் பகுதி ஒன்று வரும். அங்கே எண்ணிக்கை தவறினால் பதற வேண்டாம், அது 12 பார் கிடையாது.

தனியாகக் கிடாரோடு பாடிய கிராமத்துக் கலைஞர்களை எண்ணிக் கேட்கத் தொடங்கினால் தலை சுற்றும். டெக்சஸின் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் சில இடத்தில் ஒரு பாரை நீட்டுவார், சில இடத்தில் பாதியில் வெட்டுவார். கிடார் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை அடுத்த வரி வராது. பக்கத்தில் வேறு யாரும் வாசிக்காததால் அந்த உரிமை அவருக்கு இருந்தது. அதைத் தப்பு என்று நினைத்துத் 'திருத்தி' வாசிக்கும் வீடியோக்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. வெட்டி ஒட்டிச் சரிசெய்த அந்த வாசிப்பில் பாட்டே இல்லாமல் போய்விடுகிறது.

ஸ்வரம், சுருதி

ப்ளூஸில் காந்தாரம், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் (மேற்கத்திய இசையில் மைனர் தேர்டுக்கும் மேஜர் தேர்டுக்கும்) நடுவில் எங்கேயோ உட்காரும். நிஷாதமும் அப்படித்தான். பியானோவில் அந்த இடம் கிடையாது, அதனால்தான் பியானோக்காரர்கள் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து நசுக்குவார்கள். கிடாரில் கம்பியைக் கொஞ்சம் தள்ளினால் கிடைத்துவிடும். கமகம் பாடிப் பழகியவர்களுக்கு இந்த ஸ்வரம் முதல் நாளே வந்துவிடும், ஆபத்தும் அங்கேதான். எல்லா ஸ்வரத்தையும் அசைக்கத் தொடங்குவார்கள். பெஸ்ஸியைக் கவனித்தால் பெரும்பாலான ஸ்வரங்களைக் கம்பம் மாதிரி நிறுத்திவிட்டு, வரிக்கு ஓரிரு இடத்தில்தான் வளைப்பார்.

தட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது உங்கள் சுருதி ஒட்டாமல் போகலாம். தட்டு வெட்டிய இயந்திரங்கள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றவில்லை. ட்யூனரை மூடி வைத்துவிட்டு, தட்டுக்கேற்பக் கம்பியை ஏற்றி இறக்குங்கள். வேகமான இடங்களைப் பிடிக்க யூடியூபிலேயே வேகத்தைப் பாதியாக்கலாம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

எழுத உட்காரும்போது

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். நிமிடத்துக்கு 100 அடி என்ற வேகத்தில் 12 பார் பாட 29 விநாடி ஆகும். ஒரு சுற்று கிடாருக்குக் கொடுத்தால் பாட்டுக்கு மிஞ்சுவது ஐந்து சரணம். மெதுவான பாட்டென்றால் நாலு. அந்த அளவை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வார்த்தை எழுதாதீர்கள். கிடாரில் 12 பாரைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே, வரி வரவேண்டிய இடத்தில் ஏதாவது முணுமுணுங்கள், பதில் வரவேண்டிய இடத்தில் கிடாரில் இரண்டு மூன்று ஸ்வரம் வாசியுங்கள். பதில் நிலைத்த பிறகுதான் பேனா.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும். ஆங்கிலப் பாட்டு வரியின் கடைசி ஓசையில் முழுப் பாரத்தையும் வைக்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் வந்தேன், போனேன், நின்றேன் என்று இயைபு சும்மா கிடைத்துவிடும், அதனால் அதற்கு மதிப்பும் இல்லை. இங்கே எதுகை கைகொடுக்கும். வரியின் தொடக்கத்தில் கட்டினால், மூன்றாவது வரி ஆரம்பிக்கும்போதே காது பழையதை நினைத்துக்கொள்ளும். பயிற்சிக்காக நான் எழுதிக் காட்டும் ஒரு சரணம்:

விடியக்காலைல பால் வந்துச்சு, நீ வரல
அட, விடியக்காலைல பால் வந்துச்சு, நீ மட்டும் வரல
குடிச்ச டம்ளர் ரெண்டு கெடக்கு, உன்னோடத நான் கழுவல

இரண்டாவது வரியை அச்சு அசலாகத் திருப்பாமல் ஒரு 'அட', ஒரு 'மட்டும்' சேர்ப்பது ப்ளூஸ் பாடகர்கள் எப்போதும் செய்வது. கார்ட் மாறியிருப்பதால் அதே வார்த்தை வேறு நிறத்தில் கேட்கும். திருப்பிப் பாடும் அந்த நேரத்தில் கேட்பவர் மூன்றாவது வரியை ஊகிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த ஊகத்தை ஏமாற்ற வேண்டும். மேலே உள்ளதில் "என் நெஞ்சு தாங்கல" என்று முடித்திருந்தால் செத்துப்போயிருக்கும். துக்கத்தின் பெயரைச் சொல்லாமல் டம்ளரைக் காட்டுங்கள்.

ப்ளூஸை நம் ஒப்பாரியோடு ஒப்பிட்டு எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. இந்தத் தட்டுகளில் கிண்டலும் சவடாலும் இரட்டை அர்த்தமும் ஏராளம். சனிக்கிழமை ராத்திரி ஆடுவதற்காக வாசித்த இசை இது. முதல் பாட்டையே அழுகையாக எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாடகை, வேலை, வெள்ளம் எல்லாமே விஷயம்தான். 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்ததைச் சார்லி பேட்டன் தட்டின் இரண்டு பக்கமும் நிரம்பப் பாடினார், ஊர் ஊராகப் பெயர் சொல்லி.

எழுதி முடித்ததும் ஃபோனை அறையின் ஓரிடத்தில் வைத்து ஒரே டேக்காகப் பதிவு செய்யுங்கள். குரல் அமுங்கினால் எடிட்டிங்கில் ஏற்றாமல் நாற்காலியை ஓர் அடி முன்னால் இழுங்கள். கேட்டுப் பார்த்து, பதில் ஸ்வரங்களுக்கு இடமில்லாமல் வார்த்தை வழிந்திருக்கும் வரிகளை வெட்டுங்கள். புதியவர்கள் எழுதும் ப்ளூஸில் நான் பார்க்கும் குறை எப்போதும் இதுதான்: இரண்டாவது ஆவர்த்தனத்தையும் வார்த்தையால் அடைத்துவிடுவார்கள்.

கடன் வாங்குவதும் உரிமையும்

ப்ளூஸ் வரிகள் ஆளுக்கு ஆள் மிதந்துகொண்டிருந்தவை. ஒரே வரி பத்துப் பேர் பாட்டில் வரும். ராபர்ட் ஜான்சனின் 'கிச்சன்' மெட்டுகூட மிசிசிப்பி ஷீக்ஸ் குழு 1930இல் பதிவு செய்த ஒரு பாட்டின் மெட்டை ஒட்டியதுதான். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' எழுதிய டபிள்யூ. சி. ஹாண்டி, மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கிடார் கம்பியில் கத்தியை அழுத்தி வாசித்துப் பாடியதைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் பாடிய வரி பிறகு ஹாண்டியின் பாட்டொன்றில் வந்தது. பாடியவர்களில் பலர் ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொண்டு போனார்கள், உரிமை வேறு யாரிடமோ இருந்தது. ஆகவே மெட்டை எங்கிருந்து எடுத்தீர்கள், வரி யாருடையது என்பதைப் பாட்டு எழுதிய தாளிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். நண்பர்களோடு சேர்ந்து எழுதினால் இது இன்னும் அவசியம்.

பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி உங்கள் பாட்டில் சேர்க்க ஆசை வந்தால் ஆண்டைப் பாருங்கள். அமெரிக்கச் சட்டப்படி 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. 1923இல் வெளியானவை 2024இலும், 1924இல் வெளியானவை 2025இலும், 1925இல் வெளியானவை 2026இலும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. எந்தப் பதிவு எந்தத் தேதியில் நடந்தது, யார் வாசித்தார்கள் என்பதைச் சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இசைத்தட்டுப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'நேஷனல் ஜூக்பாக்ஸ்' பக்கத்தில் பழைய தட்டுகளைக் கேட்கவே முடியும். பதிவின் உரிமை வேறு, பாட்டின் உரிமை வேறு என்பதை மறக்காதீர்கள். 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' 1914இல் அச்சான பாட்டு, அதைத் தாராளமாகப் பாடலாம். 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பதிவை வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் 2029 வரை பொறுங்கள்.